இதயம் நின்றிருக்கும் நேரம்

மார்பைப் பிளக்காமலே இதயத்தைத் திருத்துகிறார்கள் என்பது சென்னை போன்ற நகரங்களில் இன்று வியப்புக்குரிய செய்தி அல்ல. வலது மார்பின் ஓரத்தில், இரு விலா எலும்புகளுக்கு நடுவே, ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கீறல். அதனருகே கேமராவுக்கும் கருவிகளுக்குமாக ஓரிரு துளைகள். தொடையிடுக்கில் இன்னொரு சிறு கீறல். நெஞ்செலும்பு அறுபடுவதில்லை. "சின்ன ஓட்டைதான், அஞ்சு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்" என்று உறவினர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதை மருத்துவமனை வராந்தாக்களில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அந்தச் சொற்களில் பொய் ஏதுமில்லை. ஆனால் அவை பாதி உண்மை மட்டுமே. மீதிப் பாதியின் ஓரத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்திருப்பவர்கள் நாங்கள்.

எங்கள் தொழிலின் பெயர் பெர்ஃபியூஷனிஸ்ட். மக்கள் வழக்கில் இதற்கு இன்னும் தமிழ்ச் சொல் அமையவில்லை. மருத்துவமனைக்குள் எங்களைப் 'பம்ப் ஆட்கள்' என்பார்கள். இதயமும் நுரையீரலும் நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் அவ்விரண்டின் வேலையையும் ஏற்றுக்கொள்ளும் எந்திரத்தை இயக்குகிறவர்கள். ஒரே மருத்துவமனையில் பணிபுரியும் மூவர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒருவர் பம்ப்பில் இருக்கையில் இன்னொருவர் எழுதியதை மூன்றாமவர் திருத்தியிருக்கிறார். ஆகவே இதில் 'நாங்கள்' என்பது பணிவுக்காகச் சேர்த்துக்கொண்ட பன்மை அல்ல.

*

எங்கள் எந்திரத்தின் கதை ஒரு விழிப்பிரவில் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில், பாஸ்டன் நகரில், நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் படுக்கையருகே ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவர் இரவெல்லாம் அமர்ந்திருந்தார். அவள் உடலில் இரத்தம் மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பதைத் தவிர அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தக் கரிய இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஊட்டி, மீண்டும் உள்ளே செலுத்த முடிந்தால் என்ன என்று அவர் எண்ணினார். அந்த எண்ணம் பலிக்க இருபதாண்டுகளுக்கும் மேலாயின. அவருடைய மனைவி மேரி ஆய்வகத்தில் அவரோடு கூடவே உழைத்தார். 1953 மே 6 அன்று பிலடெல்ஃபியாவில், இதயத்தின் மேலறைச் சுவரில் துளையிருந்த பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியின் உயிரை அந்த எந்திரம் 26 நிமிடங்கள் முழுமையாகத் தாங்கியது. துளை அடைக்கப்பட்டது, அவள் பிழைத்தாள். அடுத்து வந்த தோல்விகளுக்குப் பின் கிப்பன் அம்முயற்சியைத் தொடரவில்லை.

அடுத்த ஆண்டு மின்னசோட்டாவில் வால்டன் லில்லஹை வேறொரு வழியைக் கண்டார். எந்திரத்துக்குப் பதிலாக ஒரு மனிதர். 1954 மார்ச் 26 அன்று ஒரு குழந்தையின் அருகே அதன் தந்தையைப் படுக்க வைத்து, இருவரின் இரத்தக் குழாய்களையும் இணைத்து, தந்தையின் இதயத்தையும் நுரையீரலையும் கொண்டு குழந்தையை உயிரோடு வைத்தபடி அறுவை நடந்தது. சில நாட்கள் கழித்து அக்குழந்தை இறந்துபோனது. எனினும் அம்முறையில் அடுத்தடுத்து நாற்பத்தைந்து பேருக்குச் சிகிச்சை நடந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உயிரோடு வீடு திரும்பினர். ஒரே அறுவையில் இருவர் உயிரிழக்கக்கூடும் என்பதுதான் அம்முறையின் மீது வைக்கப்பட்ட பெரிய குற்றச்சாட்டு.

இந்த வரலாற்றைப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நாங்கள் தவறாமல் சொல்வதுண்டு. நம் எந்திரம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் ஒரு தகப்பன் படுத்திருந்த இடம் என்போம். மிகைப்படுத்திச் சொல்வதாக அவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்தத் தகப்பனின் உடல் தானாகவே செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துச் செய்வதுதான் எங்கள் தொழில் முழுவதும். எவ்வளவு இரத்தம் வேண்டும், அதில் எவ்வளவு ஆக்ஸிஜன், எவ்வளவு கரியமில வாயு, என்ன வெப்பம், என்ன அழுத்தம் என்று ஓர் உயிருள்ள உடல் கேட்காமலே அறிந்திருப்பதை நாங்கள் எண்களைப் பார்த்து அறிகிறோம்.

*

இப்போது அந்தச் சிறு துளைக்கு வருவோம்.

நெஞ்செலும்பைத் திறந்து செய்யும் அறுவையில் இதயம் கண்முன்னே இருக்கும். அதன் வலது மேலறையில் தடித்த குழாயொன்றைச் செருகினால் இரத்தம் தன் எடையாலேயே எங்கள் தொட்டிக்கு இறங்கி வந்துவிடும். சிறு துளை அறுவையில் அதற்கு இடமில்லை. தொடையிடுக்குச் சிரையின் வழியாக நீண்ட, மெல்லிய குழாயொன்றை இதயம் வரை ஏற்ற வேண்டும். உணவுக்குழாய்க்குள் இறக்கிய எக்கோ கருவியின் திரையைப் பார்த்தபடி மயக்கவியல் நிபுணர் வழிசொல்ல, அது அங்குலம் அங்குலமாக மேலேறும். குழாய் நீள நீள, மெலிய மெலிய இரத்தம் அதனூடே வரத் தயங்குகிறது. ஈர்ப்பு விசை மட்டும் போதுவதில்லை. ஆகவே தொட்டியில் வெற்றிடம் உண்டாக்கி உறிஞ்சுகிறோம். குறைவாக உறிஞ்சினால் இதயம் காலியாகாது, அறுவை நிபுணருக்கு வால்வு தெரியாது. அதிகமாக உறிஞ்சினால் சிவப்பணுக்கள் சிதையும், குழாயினுள் காற்றும் நுழையலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய பாதையில்தான் அறுவை முடியும்வரை எங்கள் விரல்கள் நடக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. சிறு துளை வழியே நீண்ட கருவிகளால் தைப்பது நேரமெடுக்கும் வேலை. திறந்த அறுவையைவிட எந்திரத்தில் கழியும் நேரம் இதில் பொதுவாக அதிகம். வெளிக்காயம் சிறுத்த அளவுக்கு உள்ளே இரத்தம் அந்நியப் பரப்புகளில் உரசியோடும் நேரம் நீள்கிறது. பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதுமே இரத்தம் அதைப் பகையென்று கண்டுகொள்கிறது. அழற்சியின் வேதிப்பொருட்கள் பெருகுகின்றன. உறையாதிருக்க, பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெப்பாரினைக் கொடுக்கிறோம். முடிந்ததும் அதை முறிக்க, சால்மன் மீனின் விந்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட புரோட்டமினைக் கொடுக்கிறார்கள். நோயாளியின் தோலில் தெரியும் காயம் ஆறு சென்டிமீட்டர். அவருடைய இரத்தம் பட்ட காயத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

சிறு துளை தரும் விரைவான குணமாதல் என்பது அந்த இரண்டாவது காயத்தைச் சிறிதாக்கினால்தான் முழுமை பெறும். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது இவ்வளவே. பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பெண்ணின் கதையால் சொல்லிப் பார்க்கிறோம். அடையாளங்களை மாற்றியிருக்கிறோம்.

*

இருபத்து மூன்று வயது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சிதைத்துவிட்டுப் போயிருந்தது. இந்நோய் செல்வந்த நாடுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. நம் ஊர்களில் இளம்பெண்களிடம் இன்னும் காண்கிறோம். எடை 44 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர், ஹீமோகுளோபின் 9.2. திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த குடும்பம். நெஞ்சின் நடுவே நெடிய தழும்பு இருக்கக் கூடாதென்பது அவள் தாயின் முதல் வேண்டுகோள். அதைச் சிறுமையான கவலையென்று ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் தழும்பைச் சுமந்து வாழப்போகிறவள் அவள்.

அறுவைக்கு நாள் குறித்துக் கோப்பு எங்களிடம் வந்தபோது வழக்கம்போல் கணக்குப் போட்டோம். 44 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் ஏறத்தாழ 2,860 மி.லி. இரத்தம் இருக்கும். எங்கள் எந்திரத்தின் குழாய்களையும் ஆக்ஸிஜனேட்டரையும் நிரப்பிக் காற்றை வெளியேற்ற 1,200 மி.லி. உப்புக் கரைசல் வேண்டும். எந்திரம் ஓடத் தொடங்கிய கணத்தில் இவ்விரண்டும் கலந்துவிடும். தேநீரில் தண்ணீர் ஊற்றுவதைப் போல. 9.2 கிராமாக இருந்த ஹீமோகுளோபின் 6.5க்கு இறங்கிவிடும்.

6.5 என்பது வெறும் எண் அல்ல. உடலுக்கு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் போய்ச் சேர்கிறது என்பதை இரத்த ஓட்டமும் ஹீமோகுளோபினும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. 2005இல் இத்தாலியில் மார்க்கோ ரனூச்சியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடத்துக்கு 272 மி.லி. ஆக்ஸிஜன் என்ற எல்லைக்குக் கீழே இறங்கியவர்களில் சிறுநீரகப் பாதிப்பு மிகுந்திருப்பதைக் காட்டியது. 280க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளும் முறையைச் சோதித்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. லேசான சிறுநீரகப் பாதிப்பு அதில் குறைந்திருந்தது, கடுமையான பாதிப்பில் வேறுபாடு தெரியவில்லை. வழக்கமான ஓட்ட அளவில் இந்தப் பெண்ணுக்கு எங்கள் கணக்கு காட்டியது 223. ஓட்டத்தைக் கூட்டி ஈடுகட்டலாம்தான். அதற்கு நிமிடத்துக்கு நான்கு லிட்டருக்கு மேல் செலுத்த வேண்டும். அவள் தொடைத் தமனியோ மெலிந்தது, அதற்குள் செல்லும் குழாய் அதனினும் மெலிந்தது. வேறொருவரின் இரத்தத்தை ஏற்றியும் சரிசெய்யலாம். ஆனால் அதற்குரிய பின்விளைவுகள் தனி. வேறு வழியிருக்கும்போது அதைத் தேர்வது எங்களுக்கு உவப்பாக இல்லை.

அறுவை நிபுணரிடம் காகிதத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "என்ன வேணும் உங்களுக்கு?" என்றார். "நாலு வாரம் சார். இரும்புச்சத்து ஏத்திட்டு எடுத்துக்கலாம்" என்றோம். காத்திருப்பது அவளுக்குத் தாங்குமா என்று இதயநோய் நிபுணரிடம் கேட்கப்பட்டது. மருந்துகளால் சமாளிக்கலாம் என்றார். ஆக, முடிவு எடுத்தாயிற்று. அதைக் குடும்பத்திடம் சொல்லப் போகையில் எங்களில் இளையவரையும் அறுவை நிபுணர் உடன் அழைத்துச் சென்றார்.

மருத்துவமனைக்கு எதிர்ச்சந்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சமையல் பாத்திரங்களோடு வந்திருந்தார்கள். தகப்பனார் வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தார். ஒரு மாதம் தள்ளிவைப்பது என்பது அவர்கள் கணக்கில் இன்னொரு கடன். தாய் அழவில்லை. எங்கள் தோழரைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, நீங்க எந்த டாக்டரு?"

"டாக்டர் இல்லைங்கம்மா. ஆபரேஷன் நேரத்துல மெஷின் பாக்கறவங்க."

"எந்த மெஷினு?"

"இதயத்தை நிறுத்தி வெச்சிருக்கற நேரத்துல ரத்தத்தை ஓட்டற மெஷின்மா."

கொஞ்ச நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்போ அந்த நேரம் எம்பொண்ணு உன்கிட்டதான இருப்பா? நீ சொன்னா சரி தம்பி" என்றார்.

அறுவை நிபுணரின் திறமையை நம்பி வருகிறவர்கள் எங்களை அறிவதில்லை. அறிய வேண்டியதும் இல்லை. என்றாலும் அந்தத் தாய் பன்மையிலிருந்து ஒருமைக்கு நழுவிய அந்தக் கணத்தை நாங்கள் மூவரும் பலமுறை பேசிக்கொண்டிருக்கிறோம். மரியாதை குறைந்ததால் வந்த ஒருமை அல்ல அது.

*

நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் 10.6 ஆயிற்று. இனி எங்கள் பங்கு. எந்திரத்தை மேசைக்கு மிக அருகே நகர்த்திக் குழாய்களின் நீளத்தை வெட்டினோம். சிறிய உடலுக்குரிய ஆக்ஸிஜனேட்டரைத் தேர்ந்தோம். எந்திரத்தை ஓட்டுவதற்குச் சற்று முன், அவளுடைய இரத்தத்தையே மெல்லப் பின்னோக்கிக் குழாய்களுக்குள் வரவிட்டு, அங்கிருந்த உப்புக் கரைசலை ஒரு பைக்குள் வெளியேற்றினோம். 1960இலேயே எழுதப்பட்டு, பின் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த உத்தி இது. அந்த இரண்டொரு நிமிடங்களில் இரத்த அழுத்தம் இறங்கும். மயக்கவியல் நிபுணரின் கண் எங்கள்மீதும் எங்கள் கண் அவர்மீதும் இருக்க வேண்டும். கரைசலில் 700 மி.லி. மட்டுமே அவள் இரத்தத்தில் கலந்தது. ஹீமோகுளோபின் 8.5இல் நின்றது. ஆக்ஸிஜன் கணக்கு 288.

பெருந்தமனியில் கிளாம்ப் விழுந்ததும் இதயத்தை நிறுத்தும் பொட்டாசியக் கரைசலைச் செலுத்தினோம். சிறு துளை அறுவையில் அதை அடிக்கடி கொடுப்பது தையலைக் குலைக்கும் என்பதால், ஒருமுறை கொடுத்தால் நெடுநேரம் தாங்கும் கரைசல்களையே பலரும் விரும்புகிறார்கள். அதிலுள்ள நீரும் இரத்தத்தை நீர்க்கச் செய்யும். அதை வடிகட்டியின் வழியே மெல்லப் பிழிந்து எடுத்தோம். திரையில் கோடு அலைந்து, தளர்ந்து, நேரானது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நேர்கோட்டின் முன் அறையில் ஓர் அமைதி விழுவது நிற்பதில்லை.

சிறு துளைக்குள் கைவிட்டு இதயத்திலிருந்து காற்றை வெளியேற்றுவது கடினம். ஆகவே மார்புக்குள் கரியமில வாயுவை நிரப்பி வைப்பார்கள். காற்றைவிடக் கனமான அது குழிக்குள் தங்கும், இரத்தத்தில் எளிதில் கரைந்தும்விடும். ஆனால் அந்த வாயு உறிஞ்சுகுழாய் வழியே எங்கள் தொட்டிக்கும் வந்து சேர்கிறது. கவனியாதிருந்தால் நோயாளியின் இரத்தம் அமிலமாகும். ஆக்ஸிஜனேட்டரில் வாயுவின் ஓட்டத்தைக் கூட்டிக் கூட்டி அதைக் கழுவி வெளியேற்றினோம். கூடவே, குழாய் செருகிய தொடைக்குக் கீழே இரத்தம் போகிறதா என்று காலில் ஒட்டிய உணரியை ஒருவர் பார்த்தபடி இருந்தார். வால்வைச் செப்பனிட்டு முடித்துப் பாதம் கறுத்துப்போனால் அது எவ்வகை வெற்றி?

கடைசியில் சூடேற்றுதல். எல்லோரும் களைத்திருக்கும் நேரம் அது. "சீக்கிரம் வார்ம் பண்ணுங்க" என்ற குரல் வரும். அவசரப்படக் கூடாத இடம் இதுவே. ஆக்ஸிஜனேட்டரிலிருந்து வெளியேறும் இரத்தம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, 30 டிகிரிக்கு மேல் நிமிடத்துக்கு அரை டிகிரியைவிட வேகமாக ஏற்றக் கூடாது என்று 2015இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. அந்தச் சூடான இரத்தத்தை முதலில் பெறும் உறுப்புகளில் ஒன்று மூளை. "இன்னும் கொஞ்சம் சார்" என்று நாங்கள் சொல்லிக் காக்கும் பத்து நிமிடங்களைப் பற்றி நோயாளிக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அப்படித் தெரியாமல் போவதே அந்தப் பத்து நிமிடங்களின் பயன்.

பிற இரத்தம் ஒரு பை கூட ஏற்றப்படவில்லை. ஐந்து மணி நேரத்தில் வென்டிலேட்டர் குழாய் எடுக்கப்பட்டது. மறுநாள் நாற்காலியில் அமர்ந்து இட்லி தின்றாள். ஆறாம் நாள் வீடு திரும்பினாள். தாய் வார்டில் இருந்தவர்களிடமெல்லாம் "எவ்ளோ சின்ன தழும்பு பாருங்க" என்று மகிழ்ந்து சொன்னாராம். அதைக் கேட்டு எங்களுக்கும் மகிழ்ச்சியே.

*

எல்லாருக்கும் சிறு துளை உகந்ததா என்றால், அல்ல. தொடைத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்த ஒரு முதியவருக்கு அதே நிபுணர் நெஞ்செலும்பைத் திறந்தே அறுவை செய்தார். தொடையிலிருந்து மேல்நோக்கிச் செலுத்தும் இரத்தம் அந்தப் படிவுகளைப் பெயர்த்து மூளைக்குக் கொண்டு போகக்கூடும். அவரும் எட்டாம் நாள் தம் காலால் நடந்தே படியிறங்கினார்.

2023இல் பிரிட்டனில் 330 நோயாளிகளைக் கொண்டு மைட்ரல் வால்வு அறுவையின் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. பன்னிரண்டு வாரங்கள் கழித்துப் பார்க்கையில் உடலியக்கத்தில் சிறு துளை முறை மேலானதாக இல்லை. ஆனால் அவர்கள் மருத்துவமனையிலிருந்து விரைவில் வீடு திரும்பினார்கள். நடுத்தரக் கணக்கில் ஆறு நாட்களுக்குப் பதில் ஐந்து. மூன்று மாதங்களில் இரு பாதைகளும் ஒரே ஊருக்குத்தான் வந்து சேர்கின்றன. கூலி வேலைக்குப் போகிறவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் தொடக்கத்தில் மிச்சமாகும் நாட்கள் அற்பமல்ல. ஆயினும் அந்த நாட்கள் நோயாளிக்காக மிச்சமாகின்றனவா, படுக்கை விரைவில் காலியாவதற்காகவா என்ற கேள்வியை மருத்துவமனைகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதய அறுவைக்குப் பின் விரைந்து தேறுவதற்கான வழிகாட்டி நெறிகளை 2019இல் அத்துறை வல்லுநர்கள் தொகுத்து வெளியிட்டார்கள். எந்திரத்தில் சூடேற்றும்போது சூடு மிகாமல் பார்ப்பது, சிறுநீரகத்தைக் காப்பது, குழாயைச் சீக்கிரம் எடுப்பது என்று எல்லாம் சிறு சிறு காரியங்கள். கீறலின் நீளம் அவற்றில் ஒரு பொருட்டாகவே இல்லை. உங்கள் வீட்டில் எவருக்கேனும் இவ்வறுவை நடக்கவிருந்தால், தழும்பு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது, குறைவென்றால் காத்திருக்க முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கிளாம்ப்பை எடுத்ததும் இதயம் பெரும்பாலும் உடனே துடிப்பதில்லை. முதலில் ஒரு நடுக்கம், பிறகு தயங்கித் தயங்கி ஒரு துடிப்பு, நீண்ட இடைவெளி, இன்னொன்று. அது தன் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளத் தொடங்கும்போது நாங்கள் ஓட்டத்தைக் குறைக்கிறோம். மூன்று லிட்டர், இரண்டு, ஒன்று. "பம்ப் ஆஃப்" என்று உரக்கச் சொல்கிறோம். 1954இல் அந்தத் தகப்பனின் உடலிலிருந்தும் இப்படியொரு கணத்தில்தான் குழாய்களைப் பிரித்திருப்பார்கள். பிள்ளை தன் மூச்சில் இருக்கிறது. இனி அவர் எழுந்து போகலாம்.